ஒரு குறையும் இல்லாத தீபாவளி... யாருக்காக?

எங்கள் ஊரில் தீபாவளி வந்துவிட்டது என்பதைப் பட்டாசுச் சத்தம் சொல்லாது. தறிச் சத்தம் நிற்பதுதான் சொல்லும்.

பள்ளிபாளையத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். வருஷம் முழுக்க ராத்திரி பகலாக 'டக்கடி டக்கடி' என்று காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் விசைத்தறிச் சத்தம் எங்களுக்குத் தாலாட்டு மாதிரி. தீபாவளிக்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் ஒவ்வொரு பட்டறையாக அது அடங்கும். கடைசிப் பட்டறையும் நின்ற பிறகு தெருவே வேறு ஊர் மாதிரி ஆகிவிடும். பக்கத்து வீட்டில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பதுகூடத் தெளிவாகக் கேட்கும்!

போன வருஷம் அப்படித் தெருவுக்கே கேட்கும்படி கத்தியது நான்தான்.

தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி 11 மணி. முறுக்கு மூன்றாவது ஈடு போய்க்கொண்டிருந்தது. முதல் ஈடு எண்ணெய் குடித்துவிட்டது. இரண்டாவது ஈடு கல் மாதிரி. உளுந்து மாவு கூடிவிட்டதா, மாவில் தண்ணீர் ஏறிவிட்டதா என்று ஒன்றும் பிடிபடவில்லை. அதிரசத்துக்குப் பாகு வைத்தது தனியாகக் காத்திருந்தது. 9 வயது மகள் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, நானும் ஒரு தடவை பிழியட்டுமா?" என்றாள். "நீ வேற! இருக்கறது பத்தாதா? போய்ப் படு!" என்று ஒரே கத்தல். அவள் ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

காலையில் நாலரை மணிக்கு எண்ணெய்க் குளியல். புதுத்துணி, சாமி படத்துக்கு முன்னால் 7 வகைப் பலகாரம், கோழிக்குழம்பு, இட்லி. எல்லாம் ஆனது. வீட்டுக்காரர் எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார். ஸ்டேட்டஸில் போட்டேன். எத்தனை இதயம், எத்தனை 'சூப்பர்'! சாப்பிட உட்கார்ந்தபோது மாமியார் மெதுவாகச் சொன்னார்: "படத்துல எல்லாரும் சிரிக்கறீங்க அம்மிணி. சாப்பிடறப்பத்தான் ஒருத்தரும் பேசல."

அந்த ஒரு வாக்கியம் என்னை ஒரு வருஷம் தூங்கவிடவில்லை. இந்தக் கட்டுரையும் அதிலிருந்து வந்ததுதான்.

போனஸ் கணக்கு

பண்டிகை டென்ஷன் என்றதும் பலரும் அதை மனசு சம்பந்தப்பட்டதாக மட்டும் பேசுகிறார்கள். மூச்சை இழுத்து விடுங்கள், பாட்டுக் கேளுங்கள் என்று யோசனை சொல்வார்கள். எங்கள் ஊரில் முதலில் பேசவேண்டியது பணத்தைப் பற்றி.

காவிரிக்கு அந்தக் கரை ஈரோடு, இந்தக் கரை பள்ளிபாளையம். நடுவில் ஒரு பாலம். லுங்கி, துண்டு, ரயான் துணி என்று இந்தக் கரையில் ஓட்டுவதை அந்தக் கரையில் விற்பார்கள். தறி ஓட்டுகிறவர்கள், தார் போடுகிறவர்கள், பாவு பிணைக்கிறவர்கள் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வாரக் கூலிதான் வருமானம். வருஷத்தில் மொத்தமாகக் கையில் பணம் வருவது ஒரே ஒரு முறை, அதுதான் தீபாவளி போனஸ். எத்தனை சதவீதம் என்பதை ஒவ்வொரு வருஷமும் தொழிற்சங்கங்களும் பட்டறை உரிமையாளர்களும் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். பேச்சு இழுத்துக்கொண்டே போகும் வருஷத்தில் பணம் கைக்கு வரும்போது பண்டிகைக்கு மூன்று நாள், நாலு நாள்தான் இருக்கும்.

1965-ல் வந்த போனஸ் சட்டத்தில், பிற்பாடு செய்த திருத்தத்தால் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம் ஆனது. அது ஏன் இப்படி ஒரு விநோதமான எண் என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். அதாவது, வருஷத்தில் ஒரு மாதக் கூலி.

ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். வாரம் 3,000 ரூபாய் கூலி, வருஷத்தில் 50 வாரம் வேலை. மொத்தம் 1,50,000 ரூபாய். அதில் 8.33 சதவீதம் என்றால் 12,500 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நாலு பேருக்குத் துணி, ஆளுக்கு ஆயிரம் என்றால் 4,000. பட்டாசு 1,500. பலகாரச் சாமான் 2,000. கறி 1,000. கூடப் பிறந்தவளுக்குச் சீர் 3,000. போக்குவரத்து, பூ, பழம் 500. ஆச்சு, 12,000! முன்பணம் வாங்கியதற்குப் பட்டறையில் பிடித்தம் செய்துவிட்டால்? குழுக் கடன் தவணை அதே வாரத்தில் வந்து நின்றால்?

எங்கள் தெருவில் ஓர் அக்கா தறி ஓட்டுகிறார். போனஸ் வந்த அன்றைக்குச் சாயங்காலமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாலம் தாண்டி ஈரோட்டுக்குக் கிளம்பிவிட்டார். அன்றைக்கு மணிக்கூண்டு, பன்னீர்செல்வம் பார்க் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், நடக்கவே இடம் இருக்காது. சின்னவளுக்கு ஒரு கவுன் பிடித்துப்போய்விட்டது. விலை 1,800. வாங்கிக் கொடுத்தார். பெரியவனுக்கும் அதே அளவுக்கு எடுக்காவிட்டால் ஓரவஞ்சனை ஆகிவிடுமே என்று அவனுக்கும் எடுத்தார். தனக்கு ஒன்றும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கணவன் கேட்ட முதல் கேள்வி, "மிச்சம் எவ்வளவு?" அந்தச் சண்டை பண்டிகை முடிந்தும் ஓடியது.

"புதுசு போடாம பிள்ளைக தெருவுல நின்னா நாலு பேரு என்ன சொல்லுவாங்க கண்ணு?" என்று என்னிடம் கேட்டார். அவரிடம் எனக்குப் பதில் இல்லை. ஏழு வகைப் பலகாரம் செய்து மகளை அழவைத்தவள், 1,800 ரூபாய்க் கவுனைப் பற்றி என்ன சொல்வது?

கடன் எங்கள் ஊரில் சாதாரண வார்த்தை இல்லை. 2025 ஜூலையில் பள்ளிபாளையத்தின் பெயர் மாநிலம் முழுக்கச் செய்தியில் அடிபட்டது. கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் குறிவைத்து, சிறுநீரகத்தை விற்கவைத்தார்கள் என்ற புகாரும் அதன்மேல் அரசு விசாரணையும்தான் காரணம். அதற்கும் தீபாவளிக்கும் நேரடியாக முடிச்சுப் போடமாட்டேன். அந்தக் கடன்களுக்கு வைத்தியச் செலவு, கல்யாணம், வேலையில்லா நாட்கள் என்று ஆயிரம் காரணம். ஆனால், ஏற்கெனவே கழுத்துவரை தண்ணீரில் நிற்கிற வீட்டுக்கு, 'பண்டிகையில் ஒரு குறையும் இருக்கக்கூடாது' என்பது இன்னொரு குடம் தண்ணீர். அதை ஊற்றுவதில் நாமும் ஒரு கை போடுகிறோமே என்பதுதான் என் கவலை.

அந்த நாலு பேர் யார்?

'குறை' என்று நம் மொழியில் ஒரு வார்த்தை இருக்கிறது பாருங்கள், அது பொல்லாத வார்த்தை. "ஒரு குறையும் இல்லாம செஞ்சுட்டாங்க" என்றால் பாராட்டு. "குறை சொல்லிப்புட்டாங்க" என்றால் ஆயுசுக்கும் வடு. "குறை வெச்சுராத சாமி" என்றால் வேண்டுதல். பண்டிகை வேலை முழுவதும் இந்த மூன்றுக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

எல்லாம் கச்சிதமாக இருக்கவேண்டும் என்ற பிடிவாதத்தைப் பற்றி உளவியலில் நிறைய எழுதியிருக்கிறார்கள். 1991-ல் பால் ஹெவிட், கார்டன் ஃப்ளெட் என்ற இரண்டு கனடா நாட்டு உளவியலாளர்கள் இதை மூன்றாகப் பிரித்தார்கள். நான் கச்சிதமாக இருக்கவேண்டும் என்று எனக்கு நானே போட்டுக்கொள்ளும் நிபந்தனை ஒன்று. என் பிள்ளையும் புருஷனும் மருமகளும் கச்சிதமாக இருக்கவேண்டும் என்று அடுத்தவர்மேல் சுமத்துவது இரண்டாவது. மூன்றாவதுதான் நமக்கு நன்றாகப் பழக்கமானது. மற்றவர்கள் என்னிடம் கச்சிதத்தை எதிர்பார்க்கிறார்கள், அது இல்லாவிட்டால் என்னை மதிக்கமாட்டார்கள் என்று நாமே நம்பிக்கொள்வது. அதாவது, அந்த நாலு பேர்!

இந்த மூன்றாவது வகைதான் இப்போது வேகமாக ஏறுகிறது. 1989 முதல் 2016 வரை அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்கள் 41,000-க்கும் மேற்பட்டவர்கள் சொன்ன பதில்களைத் தாமஸ் கரன், ஆண்ட்ரூ ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அலசினார்கள். மூன்று வகையும் கூடியிருந்தது. மற்றவர்களின் எதிர்பார்ப்பு பற்றிய வகை எல்லாவற்றையும்விட அதிகமாகக் கூடியிருந்தது. அது வெளிநாட்டுக் கணக்குதான். ஆனால், தீபாவளி காலையில் நம் போனில் வரிசையாக வந்து விழும் குடும்பப் படங்களைப் பார்த்தால், நம் ஊர்க் கணக்கும் வேறு மாதிரி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அங்கேயும் பண்டிகைக் காலம் இப்படித்தான். 2023 நவம்பரில் அமெரிக்க உளவியல் சங்கம் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், கிட்டத்தட்ட 10 பேரில் 9 பேர் பண்டிகை நாட்களில் ஏதோ ஒரு மனஅழுத்தம் இருப்பதாகச் சொன்னார்கள். பணம் போதாமை, இல்லாமல் போனவர்களின் நினைவு, குடும்பத்தில் சண்டை வருமோ என்ற பயம். பட்டியலைப் படித்தபோது ஈரோட்டு பஸ்ஸில் யாரோ பேசியதைக் கேட்டது போலவே இருந்தது!

நம் வீடுகளில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். வீட்டு வேலை செய்கிற ஆண்கள் 88 நிமிடம். இது சாதாரண நாளின் கணக்கு. பண்டிகைக்கு முந்தின வாரத்தைத் தனியாக எடுத்திருந்தால், அந்த 289 எங்கே போய் நின்றிருக்கும் என்று உங்கள் வீட்டு அம்மாவைக் கேளுங்கள். பகலில் தறி ஓட்டிவிட்டு, ராத்திரி முறுக்குச் சுடுகிற அம்மாவாக இருந்தால் கேட்காமலேயே தெரியும்.

சீர் வந்துடுச்சா?

கொங்கு நாட்டில் பண்டிகைச் செலவைப் பேசும்போது சீரைப் பேசாமல் இருக்கமுடியாது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பண்டிகைக்குப் பண்டிகை சீர் போகவேண்டும். தலைதீபாவளி என்றால் கேட்கவே வேண்டாம். மாப்பிள்ளைக்கு மோதிரம், பெண்ணுக்குப் பட்டு, சம்பந்தி வீட்டுக்குத் துணிமணி, தட்டு தட்டாகப் பலகாரம். பல வீடுகளில் இதற்காகவே கடன் வாங்குகிறார்கள்.

சீர் ஒரு நல்ல பழக்கம் என்றுதான் நான் நினைக்கிறேன். கூடப் பிறந்தவளை மறக்கவில்லை என்று அண்ணன் தம்பி வந்து வாசலில் நின்று சொல்கிற வழி அது. என் தம்பி வரும்போது கையில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. பார்ப்பவர்கள் வேறு யாரோ. "என்ன சீர் வந்துச்சு?" என்று ஒரு குரல் கேட்கும்போதுதான் அது பாசத்திலிருந்து தராசுக்கு மாறுகிறது.

இதில் பெண்ணுக்குத்தான் பெரிய பங்கு என்பேன். பிறந்த வீட்டு நிலைமை தெரிந்த மகள், பண்டிகைக்கு ஒரு மாதம் முன்னாலேயே போன் செய்து, "அப்பா, இந்த வருஷம் பழமும் பூவும் போதும். வாங்கிட்டு வந்து ஒருவேளை சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டுக் கணவனிடமும் அதைச் சொல்லிவைக்க வேண்டும். மாமியாரிடம் அதைப் பேசவேண்டியது அவர் பொறுப்பு. மருமகள் சொன்னால் சண்டை, மகன் சொன்னால் செய்தி!

கந்துவட்டிக்கு வாங்கித்தான் தீபாவளி என்ற நிலைமை இருந்தால், அதை மறைக்காமல் வீட்டில் பேசுங்கள். அநியாய வட்டி வாங்குவதைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லிருந்து இருக்கிறது. மிரட்டிக் கடன் வசூல் செய்வதைத் தடுக்க 2025-ல் தனியாக ஒரு சட்டம் வந்திருக்கிறது. வாசலில் வந்து நின்று அசிங்கமாகப் பேசினால் போலீசில் புகார் கொடுக்கலாம். குழுவில் இருக்கிற பெண்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இந்த வருஷம் என் வீட்டில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை.

புரட்டாசி மாதம், கறி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தோம். மாமியார், வீட்டுக்காரர், மகள், நான். போனஸ் வரும் முன்னால், கடைக்குப் போகும் முன்னால், கோபம் வரும் முன்னால் பேசிவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே திட்டம். பணம் கைக்கு வந்தபிறகு பேசினால் அது பேச்சாக இருக்காது, பேரமாகத்தான் இருக்கும்.

"தீபாவளியில உங்களுக்கு எது இல்லைன்னா தீபாவளி மாதிரியே இருக்காது? ஒன்னே ஒன்னு சொல்லுங்க" என்று கேட்டேன்.

நான் எதிர்பார்த்தது வேறு. மகள் பட்டாசு என்பாள், கவுன் என்பாள் என்று நினைத்தேன். அவள், "ராத்திரி மத்தாப்பு விடறப்போ அப்பா போன் பேசக்கூடாது" என்றாள். வீட்டுக்காரருக்கு முகம் போன போக்கைப் பார்க்கணுமே! அவர் கேட்டது, காலையில் இட்லியும் கோழியும். மாமியார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உங்க மாமா இருந்தப்ப தலைக்கு எண்ணெய் நான்தான் வெச்சு உடுவேன். இப்ப யாருக்கும் வெக்கறதில்ல. என் பேத்திக்கு நான் வெக்கட்டுமா?" என்றார்.

ஏழு வகைப் பலகாரத்தை ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒருவர்கூட!

எனக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக யாருக்காக ராத்திரி 12 மணிவரை அடுப்பில் நின்றேன்? என் அம்மிச்சி செய்தார், அம்மா செய்தார், நானும் செய்தேன். அம்மிச்சி காலத்தில் கூட்டுக் குடும்பம், ஐந்து பெண்கள் ஒரு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசிச் சிரித்துக்கொண்டே செய்தார்கள். அதே அளவை ஒற்றை ஆளாக நான் செய்துகொண்டிருந்தேன். பலகாரம் அதேதான். ஆள்தான் குறைந்துவிட்டது, அளவை யாரும் குறைக்கவில்லை.

முடிவு இப்படி ஆனது. முறுக்கும் ஒப்புட்டும் மட்டும் வீட்டில். முறுக்கு பிழிவது மகள் வேலை, கோணலாக இருந்தால் கோணல்தான். மற்றதில் ஏதாவது ஒன்று, ரெண்டு தெரு தள்ளிப் பலகாரம் போட்டுக் கொடுக்கும் அக்காவிடம் அரைக் கிலோ. அவருக்கும் பண்டிகைச் செலவுக்கு ஆச்சு. ஒட்டடை அடிப்பது, ஃபேன் துடைப்பது வீட்டுக்காரர் வேலை. துணிக்கு இவ்வளவு, பட்டாசுக்கு இவ்வளவு என்று ஒரு காகிதத்தில் எழுதி மகளிடமே கொடுத்துவிட்டோம். பட்டாசு வெடிக்க அனுமதியே காலை 6 முதல் 7, ராத்திரி 7 முதல் 8, மொத்தம் ரெண்டு மணி நேரம். அதற்கு எத்தனை பெட்டி வேண்டும் என்று அவளே கணக்குப் போட்டு, போன வருஷத்தைவிடப் பாதிக்குக் கொண்டுவந்தாள்!

பிள்ளைகளிடம் காசு விஷயத்தைச் சொல்லக்கூடாது, ஏங்கிப்போய்விடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 'காசே இல்ல, உன்னாலதான் செலவு' என்று சொன்னால் ஏங்கத்தான் செய்யும். 'இவ்வளவு இருக்கு, எப்படிச் செலவு பண்ணலாம்?' என்று கேட்டால் அது வேறு. முதலாவது பழி, இரண்டாவது பங்கு.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்லமாட்டேன். ஒட்டடை அடித்த பிறகு ஜன்னல் மூலையில் அப்படியே ஒரு வலை தொங்கியது. கை பரபரத்தது. எழுந்து போய் நானே அடித்துவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லியிருப்பேன், பழைய நானாக இருந்தால். சொல்லியிருந்தால் அடுத்த வருஷம் அவர் ஒட்டடைக் கம்பைத் தொடமாட்டார். அந்த வலை தீபாவளிக்கும் அங்கேயே இருந்தது. இரண்டு பேரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. நானும் சிலந்தியும்.

வரமிளகாயும் சின்ன வெங்காயமும்

பள்ளிபாளையம் என்றதும் தமிழ்நாடு முழுக்க எல்லோருக்கும் ஞாபகம் வருவது சிக்கன். சென்னையில் ஹோட்டல் மெனுவில் எங்கள் ஊர் பெயரைப் பார்த்தால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால், அங்கே வருவது பெரும்பாலும் எங்கள் ஊர் சிக்கன் இல்லை. மல்லித்தூள், கரம் மசாலா, தக்காளி, சில இடங்களில் கலர்ப்பொடிகூட!

வீட்டில் செய்வது இவ்வளவுதான். அரைக் கிலோ கோழியைச் சின்னத் துண்டாக நறுக்கி மஞ்சள்தூள், உப்புப் பிரட்டி வையுங்கள். 12, 15 வரமிளகாயைக் கிள்ளி விதையை உதிர்த்துவிடுங்கள். எண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட்டுக் காய்ந்ததும் மிளகாய், கறிவேப்பிலை. மிளகாய் கருகக்கூடாது. உடனே இரண்டு கை சின்ன வெங்காயம். அது வதங்கியதும் கோழி. ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி வேகவிட்டு, வெந்ததும் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காயைப் போட்டு, தண்ணீர் சுண்டும்வரை பிரட்டி இறக்கினால் ஆச்சு. பூண்டு தட்டிப் போடுகிற வீடுகளும் உண்டு. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். தீபாவளி காலையில் குழம்புக்கு மசாலா அரைக்கிற வேலை எனக்கு இதனால் மிச்சம். வீட்டுக்காரருக்கு இது சமைக்கத் தெரியும் என்பதும் இந்த வருஷம்தான் எனக்குத் தெரியவந்தது!

டொனால்டு வின்னிகாட் என்று இங்கிலாந்தில் ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். உளப்பகுப்பாய்வும் படித்தவர். ஆயிரக்கணக்கான தாய்களையும் பிள்ளைகளையும் பார்த்த அவர், குறையே இல்லாத அம்மா குழந்தைக்குத் தேவையில்லை, போதுமான அளவுக்கு நல்ல அம்மா இருந்தால் போதும் என்ற கருத்தை 1950-களில் எழுதினார். கைக்குழந்தையாக இருக்கும்போது அம்மா முழுக்க அதற்காகவே இருக்கிறாள். வளர வளர, குழந்தை தாங்கிக்கொள்கிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தவறவிடுகிறாள். அப்படித் தவறவிடும்போதுதான் குழந்தை உலகத்தைத் தானே கையாளக் கற்றுக்கொள்கிறது என்பது அவர் வாதம். இதைப் படித்த அன்று எனக்கு என் முறுக்கு ஞாபகம்தான் வந்தது. அவளைப் பிழிய விட்டிருந்தால் அவளுக்கும் பழகியிருக்கும், எனக்கும் ஒரு கை கிடைத்திருக்கும்.

விளக்கேற்றாத வீடுகள்

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. எல்லோர் வீட்டுத் தீபாவளியும் பலகாரக் கவலையோடு நின்றுவிடுவதில்லை. அந்த வருஷம் ஒருவரை இழந்த வீட்டில் பண்டிகை கொண்டாடுவதில்லை என்பது நம் வழக்கம். தெருவே வெடித்துக்கொண்டிருக்கும்போது அந்த வீடு மட்டும் கதவைச் சாத்தி இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு தட்டில் பலகாரம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்து, பத்து நிமிஷம் உட்கார்ந்து போனவரைப் பற்றிப் பேசிவிட்டு வருவது எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறது. "வருத்தப்படாதீங்க" என்று சொல்வதைவிட, "அவரு இருந்திருந்தா இந்நேரம் வாசல்ல நின்னு பசங்கள விரட்டிட்டு இருப்பாருங்க" என்று சொல்வது அவர்களுக்கு ஆறுதலாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தூக்கமே வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறது என்றால் அது வெறும் பண்டிகை டென்ஷன் இல்லை. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் இலவச மனநலச் சேவை இது, 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழிலேயே பேசுவார்கள். கடன் பிரச்னையை வெளியில் சொல்லக் கூச்சப்படுகிற ஆண்களுக்கு முக்கியமாக இதைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் வாய் திறந்து அழாதவர்கள் அவர்கள்தான்.

தீபாவளி அன்று

தறிகள் நின்றிருந்தன. விடியற்காலையில் மாமியார் நல்லெண்ணெயைக் காய்ச்சி, பேத்தியை மணையில் உட்காரவைத்து உச்சியில் வைத்துத் தேய்த்தார். அவள் "கண்ணு எரியுது ஆத்தா" என்று கத்த, "இருடி, நாலு பாட்டுப் பாடி முடிச்சுக்கறேன்" என்று அவர் ஏதோ முணுமுணுக்க, வீட்டில் ஒரே சிரிப்பு. நான் படம் எடுக்க மறந்துவிட்டேன்.

ராத்திரி மத்தாப்பு நேரத்தில் வீட்டுக்காரரின் போன் பீரோவுக்குள் இருந்தது. இரண்டு முறை அடித்தது. அவர் பீரோவைப் பார்த்தார், மகள் அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

தறி ஓட்டும் அக்கா வீட்டில் இந்த முறையும் பிள்ளைகளுக்குப் புதுத்துணி. கவுன் இல்லை, சாதாரண சுடிதார்தான். அக்கா தனக்கும் ஒரு சேலை எடுத்திருந்தார். கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்று, "ரொம்பச் சாதாரணந்தான், 450 ரூவா" என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். நிறம் அவருக்கு அத்தனை பொருத்தமாக இருந்தது.

மத்தியானம் சின்னம்மா சேலத்திலிருந்து போன் செய்தார். எங்கள் குடும்பத்தில் பலகார நீதிபதி அவர்தான். என் கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரே கேள்வி, "என்ன கண்ணு, என்னென்ன பலகாரம் போட்ட?"

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "முறுக்கும் ஒப்புட்டும் மட்டுந்தான் சின்னம்மா" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"நானும் இந்த வருஷம் அதிரசம் போடல சாமி. கடையில வாங்கி டப்பாவுல போட்டு வெச்சுட்டேன். உங்க சித்தப்பாவுக்கே தெரியாது. யாருகிட்டயும் சொல்லிப்புடாத!"